கல்லாப்பெட்டியின் சாவி யாரிடம்?

ஜிஎஸ்டி கவுன்சில் 2025 செப்டம்பர் 3 அன்று வரி விகிதங்களை மாற்றி முடிவெடுத்தது. செப்டம்பர் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 12 சதவீத அடுக்கில் இருந்த பொருட்களில் பெரும்பாலானவை 5 சதவீதத்திற்கும், 28 சதவீத அடுக்கில் இருந்தவற்றில் பெரும்பாலானவை 18 சதவீதத்திற்கும் மாற்றப்பட்டன. சோப்பு, ஷாம்பு, பற்பசை, பிஸ்கட் ஆகியவை 18லிருந்து 5 சதவீதத்திற்கு இறங்கின. எட்டு ஆண்டுகள் மக்கள் தலையில் ஏற்றி வைத்திருந்த சுமையில் ஒரு பகுதியை இறக்கிவிட்டு, ஒன்றிய அரசு அதனைச் சேமிப்புத் திருவிழா என்று கொண்டாடியது.

அறிவிப்புக்கும் அமலாக்கத்திற்கும் இடையில் இருந்தது 19 நாட்கள். பெரும் சங்கிலிக் கடைகளுக்கு அது போதுமானது. தலைமையகத்தில் உள்ள கணினியில் விகிதப் பட்டியல் திருத்தப்பட்டால், நாடு முழுவதும் உள்ள அந்நிறுவனத்தின் கடைகளில் மறுநாள் காலை புதிய விகிதத்தில் பில் வரும். தெருமுனை மளிகைக் கடைக்காரரின் நிலை வேறு. அவரது பில்லிங் மென்பொருளில் ஈராயிரம், மூவாயிரம் பொருட்கள் பதிவாகி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் புதிய விகிதம் எது என்று கண்டறிந்து திருத்த வேண்டும்; பழைய இருப்பின் அச்சிட்ட விலையையும் கணக்கில் கொள்ள வேண்டும். மென்பொருளின் ஆண்டுச் சந்தா முடிந்திருந்தால் புதுப்பிப்பு கிடைக்காது. பணம் கட்டிச் சந்தாவைப் புதுப்பித்த பிறகே அவரால் அரசின் ஆணைக்குக் கீழ்ப்படிய முடியும். சட்டத்தை இயற்றுவது அரசு; அச்சட்டத்தின்படி கணக்கு எழுதும் கருவியோ தனியார் நிறுவனத்தின் உடைமை.

சிறு கடைகளுக்கான கணக்கு மென்பொருள் என்பது இடதுசாரி இயக்கத்தின் விவாதங்களில் அரிதாகவே இடம்பெறும் பொருள். அது தொழில்நுட்பர்களின் சங்கதி என்று ஒதுக்கப்படுகிறது. ஆனால் தேசிய மாதிரி ஆய்வின் 73ஆவது சுற்றின்படி (2015-16), இந்தியாவில் வணிகத்தில் ஈடுபட்டுள்ள, நிறுவனமாகப் பதிவு பெறாத சிறு தொழிலகங்கள் 2.30 கோடி. அவற்றை நம்பி வேலை செய்வோர் 3.87 கோடிப் பேர். இவர்களில் மிகப் பெரும்பான்மையினர் தம் சொந்த உழைப்பையும் குடும்பத்தாரின் உழைப்பையும் மட்டுமே நம்பி வாழ்பவர்கள். இத்தனை கோடிப் பேரின் அன்றாடக் கணக்கு எவருடைய கட்டுப்பாட்டில் இருக்கப் போகிறது என்பது அரசியல் பொருளாதாரக் கேள்வியே ஆகும்.

பேரேட்டிலிருந்து கைபேசிக்கு

ஒரு மளிகைக் கடையின் மூலதனம் அலமாரியில் உள்ள சரக்கு மட்டுமன்று. எந்தத் தெருவில் எந்த அரிசி ஓடும், எந்த மாதத்தில் எண்ணெய் விற்பனை கூடும், எந்தக் குடும்பத்திற்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம், எந்த விநியோகஸ்தர் சொன்ன நாளில் சரக்கு இறக்குவார் என்ற அறிவும் அதில் அடங்கும். தலைமுறைகளாக இவ்வறிவு கடைக்காரரின் நினைவிலும், சிட்டையிலும், பேரேட்டிலும், கடன் நோட்டிலும் இருந்து வந்தது. அந்த நோட்டு கல்லாப்பெட்டிக்குள் இருந்தது. பெட்டியின் சாவி கடைக்காரரின் இடுப்பில் இருந்தது.

சரக்கிருப்பையும் விற்பனையையும் பதியும் மென்பொருள் இவ்வறிவு முழுவதையும் ஒழுங்குபடுத்தித் தருகிறது. பில் போட்டவுடன் இருப்பு குறைகிறது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருப்பு இறங்கினால் கொள்முதல் செய்யுமாறு எச்சரிக்கிறது. மருந்துக் கடையில் காலாவதியாகும் தொகுதிகளைச் சுட்டுகிறது. மாத இறுதியில் வரிப் படிவத்திற்கான தொகையைக் கூட்டித் தருகிறது. இவை பயனுள்ள வேலைகள். கணினியே வேண்டாம், நோட்டுப் புத்தகமே போதும் என்று சிறு வணிகருக்கு உபதேசிப்பது அவரை நிராயுதபாணியாகப் போட்டிக்களத்திற்கு அனுப்புவதாகும்.

சரக்கு விற்பவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் ஆண்டு விற்றுமுதல் ரூ.40 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ரூ.5 கோடியைத் தாண்டியோர் பிற வணிகர்களுக்கு விற்கும்போது 2023 ஆகஸ்ட் முதல் மின்னணு விலைப்பட்டியல் போட்டாக வேண்டும். 2020 அக்டோபரில் இந்த ஏற்பாடு தொடங்கியபோது வரம்பு ரூ.500 கோடியாக இருந்தது. மூன்றே ஆண்டுகளில் அது நூறில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. வரம்பு கீழிறங்கும் திசை தெளிவாக இருக்கிறது. கணினிக்கு மாறுவது சிறு வணிகரின் விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக இனி நீடிக்காது.

மென்பொருள் கடைக்குள் மூன்று வழிகளில் நுழைகிறது. முதலாவது, உரிமம் வாங்கிக் கடையின் சொந்தக் கணினியில் நிறுவுவது. இதில் பணம் செலவாகும், ஆனால் கணக்கு கடையிலேயே இருக்கும். இரண்டாவது, மாதச் சந்தா அல்லது இலவசம் என்ற பெயரில் வரும் கைபேசிச் செயலி. இதில் கணக்கு நிறுவனத்தின் சர்வருக்குச் செல்கிறது. மூன்றாவது, மொத்த வியாபாரத்தைக் கைப்பற்ற வந்துள்ள பெருநிறுவனமே பில் இயந்திரத்தையும் செயலியையும் சரக்கையும் சேர்த்துத் தருவது. முதல் வழியிலிருந்து மூன்றாவது வழியை நோக்கி நகர நகர, கடைக்காரர் கையிலிருந்து போகும் பணம் குறைகிறது. கையிலிருந்து போகும் சாவிகளின் எண்ணிக்கையோ கூடுகிறது.

கணக்கே சரக்காகும்போது

2020 ஏப்ரலில் ஃபேஸ்புக் நிறுவனம் ஜியோ பிளாட்ஃபார்ம்ஸ் நிறுவனத்தில் ரூ.43,574 கோடி முதலீடு செய்து 9.99 சதவீதப் பங்கைப் பெற்றது. நாடு ஊரடங்கில் முடங்கிக் கிடந்த நாட்கள் அவை. சுமார் 3 கோடி மளிகைக் கடைகளை ஜியோமார்ட், வாட்ஸ்அப் ஆகியவற்றின் மூலம் மின்னணு வணிகத்தில் இணைப்பது இக்கூட்டின் நோக்கங்களில் ஒன்று என்று ரிலையன்ஸ் வெளிப்படையாகவே அறிவித்தது. 2022 டிசம்பரில் மெட்ரோ கேஷ் அண்ட் கேரி நிறுவனத்தின் இந்திய வணிகத்தை ரூ.2,850 கோடிக்கு வாங்குவதாக ரிலையன்ஸ் ரீடெய்ல் அறிவித்தது. மெட்ரோ, சிறு கடைகளுக்கு மொத்த விலையில் சரக்கு கொடுத்து வந்த நிறுவனம். வால்மார்ட் 2018இல் ஃபிளிப்கார்ட்டின் 77 சதவீதப் பங்கை வாங்கியது. பின்னர் மொத்த வணிகத்தையும் அதனுடன் இணைத்தது.

2012இல் பல்பொருள் சில்லரை வணிகத்தில் 51 சதவீத அந்நிய நேரடி முதலீட்டை அன்றைய ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு அனுமதித்தபோது, இடதுசாரிகளும் வணிகர் அமைப்புகளும் செப்டம்பர் 20 அன்று நாடு தழுவிய போராட்டத்தில் இறங்கின. அன்று அச்சுறுத்தலாக இருந்தது கடைக்கு எதிரே எழக்கூடிய பேரங்காடி. இன்று பெருமூலதனம் கடையை மூடச் சொல்லாமலே உள்ளே நுழைகிறது. பலகையில் கடைக்காரரின் பெயர் இருக்கும். வாடகை, மின்கட்டணம், விற்காத சரக்கின் நட்டம் ஆகிய எல்லாமே அவருடையவை. எதை வாங்குவது, யாரிடம் வாங்குவது, என்ன விலைக்கு விற்பது என்ற முடிவுகள் மட்டும் செயலிக்குப் பின்னால் இருப்பவரிடம் சென்று சேரும். விவசாயிக்கு நிலம் இருந்தும் ஒப்பந்தப் பண்ணையத்தில் முடிவெடுக்கும் உரிமை இல்லாமல் போவதைப் போன்றதே இது.

கணக்கு விவரம் கைக்குக் கிடைத்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு அனுபவங்கள் உள்ளன. அமேசான் தன் தளத்தில் விற்கும் சிறு வணிகர்களின் பொதுவில் வெளியாகாத விற்பனை விவரங்களைத் தன் சொந்த விற்பனைக்குப் பயன்படுத்தியது என்பது ஐரோப்பிய ஆணையம் 2020இல் எழுப்பிய குற்றச்சாட்டு. அவ்விவரங்களை இனி அவ்வாறு பயன்படுத்துவதில்லை என்ற உறுதிமொழியை 2022 டிசம்பரில் ஆணையம் சட்டப்படி கட்டாயமாக்கியது. இந்தியாவிலும் தளத்தின் விவரங்களைக் கொண்டு பிறரின் பொருட்களைப் போலவே சொந்தப் பொருட்களைத் தயாரித்து, தேடலில் அவற்றை முன்னிறுத்தியது என்று ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2021 அக்டோபரில் உள் ஆவணங்களை ஆதாரமாகக் காட்டி எழுதியது. நிறுவனம் அதனை மறுத்தது. குறிப்பிட்ட ஒரு நிறுவனம் செய்ததா இல்லையா என்பதைத் தாண்டி, அந்த வாய்ப்பு ஏற்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது. ஆயிரம் கடைகளின் தினசரி விற்பனை ஒரே இடத்தில் குவிந்தால், எந்த வட்டாரத்தில் எந்தப் பொருள் ஓடுகிறது என்பது அங்கு உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். அந்த வட்டாரத்தில் விரைவு விநியோகக் கிடங்கு திறக்க அதைவிட நல்ல வரைபடம் வேறு எதுவும் தேவையில்லை.

இதே விவரம் கடன் வணிகத்திற்கும் அடித்தளம். விற்றுமுதல் எவ்வளவு, எந்த நாளில் பணம் புரள்கிறது, எப்போது நெருக்கடி என்பது அனைத்தும் தெரிந்தவரே கடன் கொடுக்க முன்வரும்போது, வட்டியைப் பேரம் பேசும் வலிமை கடைக்காரருக்கு இருக்காது. கிராமத்துக் கந்துவட்டிக்காரரிடம் விவசாயியின் கணக்கு இருந்த காலத்தில் என்ன நடந்தது என்பதை விவசாயிகள் இயக்கத்தின் வரலாறு அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கட்டற்ற மென்பொருள் என்ன தருகிறது?

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கம் நான்கு சுதந்திரங்களை முன்வைக்கிறது. எந்த நோக்கத்திற்கும் மென்பொருளை இயக்கலாம். அதன் மூல நிரலைப் படித்துத் தேவைக்கேற்பத் திருத்தலாம். பிறருக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். திருத்திய பதிப்பையும் பகிரலாம். சிறு கடையின் மொழியில் சொன்னால் இவற்றின் பொருள் எளிது. சந்தா முடிந்ததால் பில் நிற்காது. கணக்கைக் கடையின் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரு சங்கத்தைச் சேர்ந்த ஐந்நூறு கடைகளும் ஒரே மென்பொருளை உரிமச் செலவின்றி நிறுவலாம். வரி விகிதம் மாறும்போது ஒருவர் திருத்திய பொருள் பட்டியலை மற்றவர்கள் அன்றே பெற்றுக்கொள்ளலாம். மென்பொருளை எழுதிய நிறுவனம் கடையைக் கட்டினாலும் வேறொருவர் அதைத் தொடரலாம்.

கடைசியாகச் சொன்னது ஏட்டுக் கற்பனை அன்று. டினாபாஸ் என்ற பெயரில் தொடங்கிய ஒரு விற்பனை மென்பொருள், பின்னர் ஸ்பெயினைச் சேர்ந்த ஓபன்பிராவோ நிறுவனத்தின் கைக்குச் சென்றது. மூல நிரல் திறந்திருந்ததால் வேறு சிலர் அதனை எடுத்து யூனிசென்டா என்ற பெயரில் தொடர்ந்து வளர்த்தனர். தனியுடைமை மென்பொருளில் இது நடக்காது. நிறுவனம் கைவிட்டால் கடைக்காரரின் பத்தாண்டுக் கணக்கும் அதோடு சேர்ந்து முடங்கும்.

இன்று பயன்படுத்தத் தக்க நிலையில் பல மென்பொருட்கள் உள்ளன. மும்பையில் உருவான இஆர்பி நெக்ஸ்ட், குனு பொது உரிமத்தில் வெளியிடப்படுகிறது. சரக்கிருப்பு, கொள்முதல், கணக்கியல், கல்லா விற்பனை ஆகிய அனைத்தும் அதில் உண்டு. இந்திய ஜிஎஸ்டி விதிகளுக்கான இணைப்பும் கட்டற்ற உரிமத்திலேயே கிடைக்கிறது. ஆனால் ஒற்றைக் கடைக்கு அது சற்றுப் பெரிய சட்டை. ஓபன் சோர்ஸ் பாயிண்ட் ஆஃப் சேல் என்ற சிறிய மென்பொருள் ஒரு கடையின் பில்லுக்கும் இருப்புக்கும் போதுமானது. இந்தியத் தன்னார்வலர்களின் உழைப்பில் உருவான குனுகாதா கணக்கியல் மென்பொருள், கேரள மேல்நிலைப் பள்ளிகளில் வணிகவியல் மாணவர்களின் கணினிக் கணக்கியல் பாடத்தில் இடம்பெற்றுள்ளது.

இவற்றிலும் வேறுபாடு அறிந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஓடூ மென்பொருள் 2015இல் வந்த 9ஆவது பதிப்பிலிருந்து சமூகப் பதிப்பு, நிறுவனப் பதிப்பு என இரண்டாகப் பிரிந்தது. கல்லா விற்பனையும் இருப்புக் கணக்கும் சமூகப் பதிப்பில் உள்ளன. முழுமையான கணக்கியல் பகுதி கட்டணப் பதிப்புக்குச் சென்றுவிட்டது. வாசலைத் திறந்து வைத்து அறையைப் பூட்டும் இந்த முறை இன்று பரவலாகி வருகிறது. திறந்த மூலம் என்ற முத்திரையை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. உரிமம் எது, எந்தப் பகுதி பூட்டியிருக்கிறது, கணக்கு எங்கே சேமிக்கப்படுகிறது, அதை முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை வேண்டும்.

இலவசமும் விடுதலையும் வேறு

ஒன்றிய அரசு இப்பிரச்சனையை அறியாமல் இல்லை. ஆண்டு விற்றுமுதல் ரூ.1.5 கோடிக்கு உட்பட்ட சிறு தொழில்முனைவோருக்குக் கணக்கு மற்றும் பில்லிங் மென்பொருளை இலவசமாகத் தருவதாக ஜிஎஸ்டி வலைப்பின்னல் நிறுவனம் 2019 ஜனவரியில் அறிவித்தது. தரப்பட்டவை தேர்ந்தெடுக்கப்பட்ட தனியார் நிறுவனங்களின் தனியுடைமை மென்பொருட்கள். அரசின் அதிகாரப்பூர்வ வலைத்தளமே அந்நிறுவனங்களுக்கு வாடிக்கையாளர் சேர்க்கும் வாசலாயிற்று. விற்றுமுதல் வளர்ந்து வரம்பைத் தாண்டும் வணிகர், பழகிய மென்பொருளுக்குப் பணம் கட்டியாக வேண்டும். அரசுத் துறைகள் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்ற கொள்கையை 2015இல் அறிவித்தது இதே அரசுதான். தன் அலுவலகங்களுக்கு நல்லது என்று சொன்னதை, தான் சட்டம் போட்டுக் கணினிக்குத் தள்ளிய வணிகர்களுக்கு ஏன் தரவில்லை என்பதற்கு அரசிடம் பதில் இல்லை.

ஜிஎஸ்டி வலைப்பின்னலுடன் மென்பொருள் நேரடியாகப் பேசுவதற்கான வழியும் பொதுவாக ஜிஎஸ்டி சுவிதா வழங்குநர்கள் எனப்படும் உரிமம் பெற்ற இடைத்தரகு நிறுவனங்களின் வாயிலாகவே அமைக்கப்பட்டுள்ளது. தன்னார்வலர்கள் எழுதும் கட்டற்ற மென்பொருள் படிவத்தைத் தயாரித்துக் கோப்பாகத் தரலாம். கடைக்காரர் அதைத் தளத்தில் பதிவேற்றலாம். ஒரே சொடுக்கில் அனுப்பும் வசதி வேண்டுமானால் இடைத்தரகரை நாட வேண்டும். வரி கட்டுபவருக்கும் வரி வாங்கும் அரசுக்கும் நடுவில் ஒரு சுங்கச்சாவடி நிற்கிறது. ஜிஎஸ்டி வலைப்பின்னல் நிறுவனமே தொடக்கத்தில் 51 சதவீதம் அரசு சாரா நிதி நிறுவனங்களின் பங்கோடுதான் அமைக்கப்பட்டது என்பதையும், எதிர்ப்புகளுக்குப் பின் 2018இல்தான் அதனை முழுமையாக அரசுடைமையாக்க முடிவு செய்யப்பட்டது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பொதுக் கட்டமைப்பு இருந்தால் போதும், மேலே யார் செயலி நடத்தினால் என்ன என்ற வாதம் உண்டு. யுபிஐ அனுபவம் இதற்கு விடை சொல்கிறது. யுபிஐ வலைப்பின்னலை நடத்துவது இந்திய தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம். ஆனால் பரிவர்த்தனைகளில் சுமார் 80 சதவீதம் வால்மார்ட்டுக்குச் சொந்தமான போன்பே, கூகுளுக்குச் சொந்தமான கூகுள் பே ஆகிய இரண்டே செயலிகளின் வழியாக நடக்கிறது. எந்தச் செயலியும் 30 சதவீதத்திற்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பு அறிவிக்கப்பட்டது. அதன் அமலாக்கம் தள்ளிவைக்கப்பட்டு, கடைசியாக 2026 டிசம்பர் இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. 2021 இறுதியில் உருவாக்கப்பட்ட ஓஎன்டிசி என்னும் மின்னணு வணிக வலைப்பின்னலும் திறந்த நெறிமுறையின் மீது கட்டப்பட்டதே. அதில் சேர விரும்பும் கடைக்காரர் ஏதேனும் ஒரு விற்பனையாளர் செயலியின் வழியாகத்தான் சேர முடியும். சாலை பொதுவாக இருந்தும் வண்டி முழுவதும் இரு முதலாளிகளுடையதாக இருந்தால் கட்டணத்தை நிர்ணயிப்பவர்கள் அவர்களே.

எதிர்வாதங்கள்

கட்டற்ற மென்பொருளால் மட்டும் சிறு வணிகர் விடுதலை பெற்றுவிடுவார் என்று சொல்வது ஏமாற்று வேலை. பெரும் இணைய நிறுவனங்களின் சர்வர்களே லினக்ஸில்தான் ஓடுகின்றன. தன்னார்வலர்களின் கூட்டுழைப்பைப் பெருமூலதனம் இலவசமாக அறுவடை செய்து, தன் ஏகபோகத்தை வலுப்படுத்திக் கொண்டுள்ளது. கருவி திறந்திருப்பதால் உற்பத்தி உறவு மாறிவிடாது. ரிலையன்ஸ் வாங்கும் அளவில் சரக்கு வாங்கி, ரிலையன்ஸ் பெறும் தள்ளுபடியைப் பெறும் வலிமையை எந்த மென்பொருளும் தனிக்கடைக்குத் தராது.

அடுத்தது பராமரிப்பு. மளிகைக் கடைக்காரர் மூல நிரலைப் படிக்கப் போவதில்லை. மாலை ஏழு மணிக்குக் கூட்டம் நெரியும்போது பில் அச்சடிக்கும் இயந்திரம் நின்றால், அடுத்த பத்து நிமிடத்தில் வந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். கணினி பழுதானால் கணக்கு அழியாதிருக்க நகல் எடுத்து வைக்கும் பழக்கம் வேண்டும். வணிக நிறுவனங்கள் முகவர்களை வைத்து இச்சேவையைத் தருகின்றன. சந்தாவின் பெரும்பகுதி உண்மையில் அதற்குத்தான். சேவைக்கு ஆளில்லாததால்தான் நல்ல கட்டற்ற மென்பொருட்கள் பலவும் ஆர்வலர்களின் மடிக்கணினிகளைத் தாண்டிக் கடைவீதிக்கு வரவில்லை. மொழியும் தடைதான். இந்தி, வங்காளம், மலையாளம், தமிழ் என எந்த மொழியிலும் பொருட்பெயரோடு பில் வர வேண்டும். திரையில் உள்ள சொற்கள் கடைவீதிச் சொற்களாக இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பு அகராதியிலிருந்து எடுத்த சொற்களைத் திரையில் கண்டால் கடைக்காரர் ஆங்கிலத்திற்கே திரும்பிவிடுவார்.

இன்னொரு கேள்வி தொழிலாளர் தரப்பிலிருந்து எழுவது. கடையின் கணக்கு கடைக்காரருக்குச் சொந்தமாக வேண்டும் என்று பேசும்போது, அக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஊழியரின் இடம் என்ன? விற்பனை மென்பொருள் ஒவ்வொரு பில்லையும் எந்த ஊழியர், எத்தனை விநாடியில் போட்டார் என்று பதிவு செய்யும் திறன் உடையது. கடை ஊழியர்கள் உட்காரும் உரிமைக்கே போராட வேண்டியிருந்தது; கேரளத்தில் 2018இலும் தமிழ்நாட்டில் 2021இலும்தான் அது சட்டமாயிற்று. ஆகவே ஊழியரின் வேலை நேரத்தையும் மிகைநேரத்தையும் நேர்மையாகப் பதியும் கருவியாகவும், வேகத்தை அளந்து விரட்டும் சாட்டையாகவும் இதே மென்பொருள் மாற முடியும். நிரல் திறந்திருந்தால் எது பதிவாகிறது என்பதையாவது தொழிற்சங்கத்தால் சோதித்தறிய முடியும். பூட்டிய பெட்டிக்குள் அந்த வாய்ப்பும் இல்லை. எனினும் அதனைச் செய்யச் சங்கம் வேண்டும். மென்பொருள் சங்கத்தின் வேலையைச் செய்யாது.

இயக்கத்தின் முன்னுள்ள கடமை

இந்த எதிர்வாதங்கள் அனைத்தும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. கட்டற்ற மென்பொருளுக்குக் குறைவது தொழில்நுட்பம் அன்று, அமைப்பு. அமைப்பைக் கட்டுவது இடதுசாரி இயக்கத்திற்குப் பழக்கமான வேலை.

மென்பொருள் துறையில் இடதுசாரிகளின் தலையீடு புதிதும் அன்று. 2004 டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட காப்புரிமைத் திருத்த அவசரச் சட்டம் மென்பொருளுக்குக் காப்புரிமை பெறும் வாயிலைத் திறந்துவிட்டது. 2005இல் அது சட்டமாக நிறைவேறியபோது அந்தப் பிரிவு நீக்கப்பட்டதற்கு இடதுசாரிக் கட்சிகளின் நிர்ப்பந்தமே முக்கியக் காரணம். அந்த வாயில் திறந்தே இருந்திருந்தால், சிறு பில்லிங் மென்பொருள் எழுதும் இளைஞர்கள் பன்னாட்டு நிறுவனங்களின் வழக்கறிஞர் கடிதங்களுக்குப் பயந்து வாழ வேண்டியிருந்திருக்கும். கேரளத்தில் 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பின்னர் முழுமையாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, அரசுப் பள்ளிக் கணினிகளை உரிமக் கட்டணத்திலிருந்து விடுவித்தது. பல்லாயிரம் ஆசிரியர்கள் பயிற்சி பெற்றதும், பாடமும் தேர்வும் அதிலேயே நடந்ததுமே அந்த வெற்றிக்குக் காரணம். மென்பொருளைப் பதிவிறக்கியதோடு நின்றிருந்தால் அது நடந்திராது.

கூட்டுறவு அனுபவமும் கைவசம் உள்ளது. 1950களின் இறுதியில் காபி வாரியம் தன் காபி விடுதிகளை மூடியபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ.கே.கோபாலனின் வழிகாட்டலில் கூட்டுறவுச் சங்கங்களாகத் திரண்டு இந்தியன் காபி ஹவுஸ்களை நடத்தினர். 1925இல் வடகரை அருகே தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், சாலை போடுவதில் ஆரம்பித்து இன்று கோழிக்கோட்டில் மென்பொருள் பூங்கா நடத்தும் அளவுக்கு வளர்ந்துள்ளது. ஒரு கடைவீதிக்கு இரண்டு மூன்று இளைஞர்கள் என்ற கணக்கில் பயிற்சி பெற்று, கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்து, கட்டற்ற மென்பொருளை நிறுவிப் பராமரிக்கும் சேவையைச் செய்ய முடியும். வணிகர் செலுத்தும் மாதத் தொகை மென்பொருள் வாடகையாக நிறுவனத்திற்குப் போகாமல், அந்த ஊர் இளைஞரின் ஊதியமாக அங்கேயே தங்கும். வேலையின்மை தலைவிரித்தாடும் காலத்தில் வாலிபர் அமைப்புகள் கையில் எடுக்கத் தகுந்த திட்டம் இது. ஒரே மென்பொருளில் இயங்கும் ஐந்நூறு கடைகள், தங்கள் சம்மதத்தோடு தேவைப் பட்டியலைத் தொகுத்தால், கூட்டாகக் கொள்முதல் செய்யலாம். தனிக்கடைக்கு இல்லாத பேரம் பேசும் வலிமை அப்போது உருவாகும்.

அரசின் முன் வைக்க வேண்டிய கோரிக்கைகளும் தெளிவானவை. பொதுப்பணத்தில் எழுதப்படும் கணக்கு மென்பொருள் பொது உரிமத்தில் வெளியிடப்பட வேண்டும். ஜிஎஸ்டி வலைப்பின்னல் இடைத்தரகர் இன்றி, கட்டணம் இன்றி, எந்தக் கட்டற்ற மென்பொருளுடனும் நேரடியாக இணைய வேண்டும். வரி விகிதம் மாறும் ஒவ்வொரு முறையும் முழுமையான பொருள் குறியீட்டுப் பட்டியலை, கணினி நேரடியாகப் படிக்கும் வடிவில் அரசே அன்றே வெளியிட வேண்டும். வணிகரின் கணக்கு விவரங்களை, அவரோடு போட்டியிடும் அல்லது அவருக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் வேண்டும்.

பணமில்லை என்று அரசு சொல்ல முடியாது. 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பொது மென்பொருளில் இணைக்க 2022 ஜூனில் ரூ.2,516 கோடித் திட்டத்திற்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. நினைத்தால் முடியும் என்பதற்கு அது சான்று. அதே வேளையில் எச்சரிக்கையும் தேவை. கூட்டுறவு, மாநிலப் பட்டியலில் உள்ள துறை. அதன் கணக்கு முழுவதையும் தில்லியின் ஒற்றைக் கண்காணிப்பில் கொண்டுவருவது மாநில உரிமையின் மீதான தாக்குதல் என்ற விமர்சனம் எழுந்தது நியாயமானதே. சிறு வணிகரின் கணக்கு அம்பானியின் சர்வரிலிருந்து விடுபட்டு ஒன்றிய அரசின் சர்வரில் குவிவதும் தீர்வாகாது. கணக்கு கடையில் இருக்க வேண்டும். சட்டப்படி செலுத்த வேண்டிய படிவம் மட்டும் அரசுக்குச் செல்ல வேண்டும்.

ஏகபோகத்திற்கு எதிரான அணியில் சிறு வணிகர்கள் தொழிலாளர்கள், விவசாயிகளோடு நிற்கக் கூடியவர்கள் என்பது இடதுசாரி இயக்கத்தின் நெடுநாளைய மதிப்பீடு. தேர்தல் நேரத்துத் துண்டறிக்கையாலோ, ஆண்டுக்கொரு கடையடைப்பாலோ மட்டும் அந்த அணி கட்டப்படாது. கடைக்காரரின் அன்றாடத் தொல்லை எதுவோ, அங்கே இயக்கம் பயன்பட வேண்டும். இன்று அவரது அன்றாடத் தொல்லைகளுள் ஒன்று, கடன் நோட்டு இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் செயலி. பகுதிக் குழுக்கள் தங்கள் வட்டாரக் கடைவீதியில் எத்தனை கடைகள் எந்த மென்பொருளைப் பயன்படுத்துகின்றன, மாதம் எவ்வளவு கட்டுகின்றன, கணக்கு எங்கே போகிறது என்ற எளிய கணக்கெடுப்பிலிருந்து இப்பணியைத் தொடங்கலாம். கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து, பத்துக் கடைகளில் நிறுவிப் பார்க்கலாம். பத்துக் கடைகளில் ஆறு மாதம் தடையின்றி ஓடிக் காட்டும் ஒரு மென்பொருள், நூறு தீர்மானங்களைவிட வணிகர்களை நம்ப வைக்கும்.